பாறையிடம் வேகாத பருப்பு

1862 டிசம்பர் 13. அமெரிக்க உள்நாட்டுப் போர். வர்ஜீனியாவில் ஃப்ரெடரிக்ஸ்பர்க் என்ற ஊரில் வடக்குப் படை செமத்தியாக அடி வாங்கிக்கொண்டிருந்தது. தலைக்கு மேல் பீரங்கிக் குண்டு பறக்கும்போது சாதாரண மனிதன் குலதெய்வத்தைக் கூப்பிடுவான். வடக்குப் படையின் லெப்டினன்ட் கர்னல் எட்வர்ட் ராபர்ட்ஸ் கால்வாயை வேடிக்கை பார்த்தார். போர்க்களத்துக்குக் குறுக்கே ஓர் ஒடுக்கமான கால்வாய். அதற்குள் குண்டு விழுந்து வெடிக்கும்போது மேலே நிற்கும் தண்ணீர் வெடியை அமுக்கிப் பிடிக்கிறது. மேலே போக வழியில்லாத வேகம் பக்கவாட்டில் பாய்ந்து கரையைப் பெயர்க்கிறது. சுற்றிலும் ஆட்கள் விழுந்துகொண்டிருக்க, இவர் மனசுக்குள் ஒரு வியாபாரம் எழுந்து உட்கார்ந்துவிட்டது.

மறுவருடமே படையிலிருந்து அவரைக் கழற்றிவிட்டார்கள். படைக்கு அது நஷ்டமோ லாபமோ, எண்ணெய்க் கிணறுகளுக்குப் பிடித்தது யோகம்.

அப்போது பென்சில்வேனியாவில் எண்ணெய்ப் பித்து தலைக்கேறியிருந்தது. 1859 ஆகஸ்டில் டைட்டஸ்வில் ஊருக்குப் பக்கத்தில் எட்வின் டிரேக் என்பவர் வெறும் 69½ அடி ஆழத்தில் எண்ணெயைக் கண்டுவிட்டார். அவ்வளவுதான், கையில் நாலு காசு வைத்திருந்தவனெல்லாம் பூமியைத் துளைக்கக் கிளம்பிவிட்டான். அவர்களுக்குத் தாமதமாகப் புரிந்த விஷயம், எண்ணெய் பூமிக்கடியில் குளமாகத் தேங்கி நிற்பதில்லை என்பது. அது மணற்பாறையின் நுண்துளைகளுக்குள் பதுங்கியிருக்கிறது. போட்ட துளை பாறையின் ஒரு விரிசலைத் தொட்டால் குபேரன்; சற்றே தள்ளிப் போனால் கடன்காரன். தொட்ட கிணறும் கொஞ்ச காலத்தில் பாரஃபின் மெழுகு படிந்து வாயை மூடிக்கொள்ளும். பாறையை உடைத்து விரிசலை நாமே உண்டாக்கிவிட்டால் என்ன என்று யாருக்கும் தோன்றத்தானே செய்யும்?

தோன்றியது. 1864இல் ஃபிராங்க்ளின் என்ற ஊரில் ஒரு மேடை நடிகர் நண்பர்களோடு கூட்டுச் சேர்ந்து எண்ணெய்க் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தார். கம்பெனியின் பெயர் டிராமாட்டிக் ஆயில். கிணற்றின் பெயர் வில்ஹெல்மினா. எண்ணெய் வரத்தான் செய்தது. பங்குதாரர்களின் ஆசைக்குப் போதவில்லை. உள்ளே வெடிமருந்தை இறக்கி வெடித்தார்கள். வில்ஹெல்மினா அதோடு கண்ணை மூடியது. பிறகு ஒரு சொட்டு தரவில்லை. போட்ட பணத்தைத் தொலைத்துவிட்டுக் கையை உதறிக்கொண்டு கிளம்பிய அந்த நடிகரின் பெயர் ஜான் வில்க்ஸ் பூத். அடுத்த ஏப்ரலில் வாஷிங்டன் நாடகக் கொட்டகையில் ஆபிரகாம் லிங்கனைச் சுட்ட அதே ஆள். வில்ஹெல்மினா மட்டும் ஒழுங்காகச் சுரந்திருந்தால் என்று வரலாற்றாசிரியர்கள் பேசக் கூடாது. நமக்கென்ன, பேசலாம்.

ராபர்ட்ஸின் சாமர்த்தியம் மருந்தில் இல்லை, தண்ணீரில் இருந்தது. குழாய் வடிவ இரும்புப் பெட்டியில் கருமருந்தை அடைத்துக் கம்பியில் கட்டிக் கிணற்றின் அடிக்கு இறக்குவார். மேலே தண்ணீரை நிரப்புவார். பிறகு கம்பி வழியே ஓர் எடையை நழுவவிட்டால் அது போய் மூடியில் மோதும், வேட்டு வெடிக்கும். கல்குவாரிக்காரர்கள் துளையில் மருந்தை வைத்து மேலே மண் போட்டுக் கெட்டிப்பார்களே, அந்தக் கெட்டிக்கும் வேலையை இங்கே தண்ணீர் செய்தது. ஃப்ரெடரிக்ஸ்பர்க் கால்வாய் செங்குத்தாக நிமிர்ந்து நின்றது, அவ்வளவுதான்.

1865 ஜனவரி 21 அன்று டைட்டஸ்வில் அருகே லேடீஸ் வெல் என்ற கிணற்றில் முதல் சோதனை. எண்ணெய் கூடியது. லிங்கன் சுடப்பட்ட பதினோராவது நாள், ஏப்ரல் 25இல், ராபர்ட்ஸுக்குக் காப்புரிமை கிடைத்தது. அப்படியும் கிணற்றுக்காரர்கள் தயங்கினார்கள். வில்ஹெல்மினாவின் கதி எல்லோருக்கும் தெரிந்ததுதானே. 1866 டிசம்பரில், அதுவரை ஒன்றுமே தராத வுடின் என்ற கிணறு ஒரே வேட்டில் நாளுக்கு 80 பீப்பாய் கொட்ட ஆரம்பித்த பிறகு தயக்கம் பறந்தது. ராபர்ட்ஸ் வீட்டு வாசலில் வரிசை நின்றது. கட்டணம், ஒரு வேட்டுக்கு 100 முதல் 200 டாலர். அதற்கு மேல், கூடுதலாக வரும் எண்ணெயில் பதினைந்தில் ஒரு பங்கு.

இந்தப் பதினைந்தில் ஒரு பங்குதான் வினை. எண்ணெய்க்காரர்களுக்கு வயிறெரிந்தது. பகலில் ராபர்ட்ஸின் ஆளைக் கூப்பிட்டால் பங்கு கொடுக்க வேண்டும்; ராத்திரியில் நிலா வெளிச்சத்தில் ஒரு திருட்டு வெடிகாரனைக் கூப்பிட்டால் கூலி மட்டும் போதும். அதற்கென்றே ஒரு கூட்டம் கிளம்பியது. ராபர்ட்ஸ் பிங்கர்டன் துப்பறியும் ஆட்களை ஏவினார், வக்கீல்களை ஏவினார், வழக்கு மேல் வழக்காகப் போட்டார். இதற்கெல்லாம் அவர் செலவழித்தது இரண்டரை லட்சம் டாலருக்கும் மேல். அமெரிக்காவில் ஒரு காப்புரிமையைக் காப்பாற்ற இவ்வளவு வழக்குப் போட்டவர் வேறு எவரும் இல்லை என்று சொல்வார்கள். பாறையை உடைத்ததைவிட நீதிமன்றப் படியைத் தேய்த்ததுதான் அதிகம்.

இதற்கிடையே கருமருந்து போய் நைட்ரோகிளிசரின் வந்தது. லேசாகத் தட்டினாலே வெடிக்கக்கூடிய இந்தத் திரவத்தைத் தகர டப்பாக்களில் ஊற்றி, குதிரை வண்டியில் ஏற்றி, பென்சில்வேனியாவின் மேடுபள்ளச் சாலைகளில் கொண்டுபோனார்கள். எப்படி முடிந்திருக்கும் என்பதை வாசகரின் கற்பனைக்கு விடுகிறேன். சில இறுதிச் சடங்குகளில் பெட்டி கனமில்லாமல் இருந்திருக்கும். ஆனாலும் தொழில் நிற்கவில்லை. டைட்டஸ்வில்லில் கடைசி நைட்ரோகிளிசரின் வேட்டு போட்டது 1990 மே மாதத்தில். உலகம் கம்ப்யூட்டர் தட்டிக்கொண்டிருந்தபோது அங்கே ராபர்ட்ஸின் வாரிசுகள் கிணற்றுக்குள் டப்பா இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் பாறையின் தரப்பையும் கேட்டுவிடுவது நியாயம்.

பாறைக்குள் வெடி வெடித்ததும் முதலில் கிளம்புவது அதிர்ச்சி அலை. அருகிலிருக்கும் பாறை அந்த அழுத்தம் தாங்காமல் மாவாகிறது. கொஞ்சம் தள்ளியிருக்கும் பாறை நொறுங்குவதில்லை, வெளிப்பக்கம் தள்ளப்படுகிறது. தள்ளப்படும்போது அதன் சுற்றளவு கூடியாக வேண்டும். சின்னக் கண்ணாடி வளையலைப் பெரிய கையில் ஏற்றினால் என்ன ஆகும்? அதேதான். பாறையை அமுக்கினால் அசாத்தியமாகத் தாங்கும். இழுத்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தாங்காது. ஆகவே நடுவிலிருந்து நாலாபுறமும் விரிசல்கள் ஓடுகின்றன. கடைசியாக, வெடியில் பிறந்த வாயு அந்த விரிசல்களுக்குள் புகுந்து ஆப்பு இறக்குகிறது. தூரத்து விரிசல்களை அகலப்படுத்துவது பெரும்பாலும் இந்த வாயுதான்.

இதில் ஒரு விஷமம் இருக்கிறது. வெடி எவ்வளவு ஆவேசமோ அவ்வளவுக்கு அதன் சக்தி பக்கத்துப் பாறையை மாவாக்குவதிலேயே வீணாகிறது. அந்த மாவு விரிசல்களின் வாயை அடைக்கவும் செய்யும். நைட்ரோகிளிசரின் போட்ட பிறகு கிணற்றிலிருந்து குப்பையை அள்ளுவது தனி வேலையாக இருந்தது. கருமருந்து மெதுவாக எரிந்து வாயுவை நிதானமாகத் தள்ளும் சோம்பேறி. அந்தச் சோம்பேறித்தனத்துக்கும் பாறையிடம் மரியாதை உண்டு.

இன்னொரு விஷமம் கணக்கில் இருக்கிறது. வெடி பாறையை எவ்வளவு தூரத்துக்கு உடைக்கும் என்பது மருந்தின் அளவோடு நேராகக் கூடுவதில்லை. அதன் கனமூலத்தோடு கூடுகிறது. இரண்டு மடங்கு தூரம் வேண்டுமென்றால் எட்டு மடங்கு மருந்து. பத்து மடங்கு தூரத்துக்கு ஆயிரம் மடங்கு. மருந்து விற்பவருக்கு இது நல்ல சேதி, வாங்குபவருக்குக் கெட்ட சேதி. பத்தாம் வகுப்புக் கணிதம்தான். ஆனாலும் இதற்கு அடுத்தபடியாக நடந்ததைப் பார்த்தால், இருபதாம் நூற்றாண்டின் மிகப்பெரிய மூளைகள் அன்றைக்கு வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டதாகத் தோன்றுகிறது.

1957. அமெரிக்காவிடம் அணுகுண்டுகள் குவிந்து கிடந்தன. ஹைட்ரஜன் குண்டின் தகப்பனார் என்று பெயரெடுத்த எட்வர்ட் டெல்லரும் கலிஃபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வுக்கூடமும் அவற்றுக்குச் சாத்விகமான உத்தியோகம் தேடினார்கள். வாளைக் கலப்பைக் கொழுவாக அடிப்பது பற்றி பைபிளில் ஏசாயா சொன்னதை நினைவில் வைத்து, திட்டத்துக்குப் பிளவ்ஷேர் என்று பெயர். குண்டு வைத்துத் துறைமுகம் தோண்டலாம், கால்வாய் வெட்டலாம், மலையை நகர்த்தலாம். டெல்லர் அலாஸ்காவுக்கே போய், உங்கள் மலை சரியான இடத்தில் இல்லையென்றால் ஒரு கார்டு போடுங்கள் என்கிற தோரணையில் பேசினார். அங்கே பாயிண்ட் ஹோப் கிராமத்தின் இனுபியாக் மக்கள் கார்டு போடவில்லை, எதிர்ப்புக் கடிதம்தான் போட்டார்கள். அங்கே குண்டு வைத்துத் துறைமுகம் தோண்டும் திட்டம் படுத்தது.

பாறைக்குள் குண்டு என்ன செய்யும் என்பதற்கு முதல் பாடம் அதே 1957 செப்டம்பர் 19இல் நெவாடாவில் கிடைத்தது. ரெய்னியர் என்ற அந்தச் சோதனையில் 1.7 கிலோடன் குண்டை ஒரு மேட்டுநிலத்துக்கு அடியே, 270 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் வெடித்தார்கள். சுரங்கப் பாதையின் கடைசிப் பகுதியைக் கொக்கி வடிவில் வளைத்திருந்தார்கள். வெடியின் அதிர்ச்சியே பாதையை நசுக்கி மூடிவிடும். பின்னால் வரும் கதிரியக்க வாயு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். நல்ல புத்திசாலித்தனம். அதிசயமாக, வேலையும் செய்தது.

பிறகு துளையிட்டுப் பார்த்ததில் கதை விளங்கியது. கண்மூடித் திறப்பதற்குள் குண்டைச் சுற்றியிருந்த பாறை ஆவியாகிறது. அந்த ஆவி ஊதிப் பெருத்து ஒரு கோளக் குகையை உண்டாக்குகிறது. உருகிய பாறை சுவரில் வழிந்து அடியில் தேங்கி, ஆறியதும் கண்ணாடியாக உறைகிறது. கதிரியக்கப் பொருள்களில் பெரும்பங்கு அந்தக் கண்ணாடிக்குள் சிறைப்படுகிறது. வாயு குளிர்ந்து அழுத்தம் இறங்கியதும் கூரை தாங்காமல் இடிந்து விழுகிறது. இடிவு மேல்நோக்கி ஏறிக்கொண்டே போய், உடைகற்கள் நிரம்பிய ஒரு செங்குத்துத் தூணாக நிற்கிறது. அதைப் புகைபோக்கி என்றே அழைத்தார்கள். எண்ணெய்க் கம்பெனிகளுக்கு இந்தப் புகைபோக்கியைப் பார்த்ததும் நாக்கில் எச்சில். ராபர்ட்ஸின் இருபது பவுண்டு மருந்து எங்கே, இது எங்கே!

அவர்கள் கவனிக்காமல் கடந்து போன ஒன்றும் உண்டு. வெளியே தள்ளப்பட்ட பாறை சும்மா இருப்பதில்லை; வெடி அடங்கியதும் உள்நோக்கித் திரும்பி அழுத்துகிறது. குகையைச் சுற்றி ஓர் இறுக்கமான அழுத்த வளையம் உண்டாகிறது. விரிசல்களை அது கவ்வி மூடுகிறது. குண்டுச் சோதனைக்காரர்களுக்கு இது வரப்பிரசாதம், ஏனென்றால் வாயு வெளியே கசியாது. எரிவாயு எடுக்க வந்தவருக்கோ சாபம். உள்ளிருந்து வெளியே வர முடியாத வழியில் வெளியிலிருந்து உள்ளே எது வரும்?

1961 டிசம்பர் 10. நியூ மெக்சிகோவில் கார்ல்ஸ்பாட் அருகே நோம் என்ற திட்டம். 361 மீட்டர் ஆழத்தில் உப்புப் படுகைக்குள் 3.1 கிலோடன் குண்டு. உருகிய உப்பின் சூட்டில் நீராவி எடுத்து மின்சாரம் தயாரிக்கலாமா என்று பார்ப்பது நோக்கங்களில் ஒன்று. சமாதான அணுகுண்டு ஆயிற்றே, பத்திரிகைக்காரர்களையும் வெளிநாட்டு விருந்தாளிகளையும் அழைத்து உட்காரவைத்திருந்தார்கள். குண்டு வெடித்தது. தரை குலுங்கியது. கைதட்டல் ஓய்ந்த சில நிமிடங்களில் சுரங்க வாயிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. கொக்கி வளைவு இந்தத் தடவை காலை வாரிவிட்டது. நீராவி எடுப்பதுதான் திட்டம். அது விருந்தாளிகள் முன்னிலையில் தானாகவே, கதிரியக்கத்தோடு வந்து நிற்கும் என்று எவரும் நினைக்கவில்லை. ஆறு மாதம் கழித்து உள்ளே போனவர்கள் ஒரு பிரம்மாண்டமான குகையைக் கண்டார்கள். கதிர்வீச்சு பட்டு உப்புச் சுவர்கள் நீலம், பச்சை, ஊதா என்று நிறம் மாறியிருந்தன. பார்க்க அழகு. மின்சாரம் ஒரு பல்புக்குக்கூட இல்லை.

அடுத்து மிசிசிப்பி. 1964 அக்டோபரில் அங்கே ஓர் உப்புக் குவிமாடத்துக்குள், 828 மீட்டர் ஆழத்தில், 5.3 கிலோடன். இது எரிவாயுவுக்கு அல்ல. நிலத்தடிச் சோதனையை ரகசியமாக நடத்த முடியுமா என்று பார்க்க. சுற்றுவட்டார மக்களை வீட்டைவிட்டு அனுப்பியதற்கு நஷ்டஈடாகப் பெரியவருக்கு 10 டாலர், குழந்தைக்கு 5 டாலர். அரை டிக்கெட் முறையை அணுகுண்டுக்கும் பொருத்திய பெருமை அமெரிக்க அரசுக்கே உரியது. திரும்பி வந்தவர்கள் வீட்டுச் சுவரில் விரிசலைப் பார்த்தார்கள். நானூறுக்கும் மேற்பட்ட நஷ்டஈட்டு மனுக்கள் போயின.

இனி கதாநாயகன் வருகிறான். பெயர் கேஸ்பக்கி. 1967 டிசம்பர் 10. இடம் மறுபடியும் நியூ மெக்சிகோ. நோம் வெடித்த அதே தேதி என்பதைக் கவனியுங்கள். டைனமைட் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் நோபல் இறந்த தேதியும் அதுவே. சமாதானப் பரிசு ஆண்டுதோறும் ஓஸ்லோவில் வழங்கப்படுவதும் அன்றைக்குத்தான். திட்டமிட்டுச் செய்தார்களோ தற்செயலோ, நோபலுக்கு இதைவிடப் பொருத்தமான திவசம் கிடைத்திருக்காது.

எல் பாசோ என்ற எரிவாயுக் கம்பெனியும் அரசும் கூட்டு. இறுகிப்போன மணற்பாறையில் எரிவாயு இருக்கிறது, வரமாட்டேன் என்கிறது. 1,292 மீட்டர் ஆழத்துக்கு ஒரு குண்டை இறக்கினார்கள். 29 கிலோடன்; ஹிரோஷிமா குண்டில் ஏறத்தாழ இரண்டு. வெடித்தது. புகைபோக்கி உருவானது. 100 மீட்டர் உயரம், 50 மீட்டர் விட்டம். துளைத்துப் பார்த்தார்கள். எரிவாயு வந்தது! பக்கத்துப் பழைய கிணறுகளைவிட நன்றாகவே வந்தது. எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

அப்புறம் யாரோ கதிரியக்க மானியை எடுத்து நீட்டினார்கள். எரிவாயுவில் ட்ரிட்டியம். அது ஹைட்ரஜனின் கதிரியக்கத் தம்பி. மீத்தேனில் இருக்கும் ஹைட்ரஜனுடைய நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டால் வடிகட்டவே முடியாது. வேதியியலுக்கு அண்ணனும் தம்பியும் ஒன்று. கூடவே கிரிப்டான் 85. போதாததற்கு, வெடியின் சூடு பாறையிலிருந்த கார்பனேட்டைச் சிதைத்துக் கரியமில வாயுவையும் தாராளமாகக் கலந்திருந்தது. அணுகுண்டு வைத்து எடுத்த எரிவாயு, சரியாக எரியவும் இல்லை. இதை எந்த வீட்டுக்காரியிடம் கொண்டுபோய் அடுப்பில் பற்றவைக்கச் சொல்வது? சோதனையில் வந்த வாயுவைத் திறந்தவெளியில் கொளுத்திவிட்டார்கள்.

நியாயமாகப் பார்த்தால் இங்கேயே மூட்டையைக் கட்டியிருக்க வேண்டும். கட்டவில்லை. குண்டு சின்னதாகப் போய்விட்டது என்று முடிவு செய்தார்கள்.

1969 செப்டம்பர் 10, கொலராடோ. திட்டத்தின் பெயர் ருலிசன். ஆழம் 2,568 மீட்டர். குண்டு 40 கிலோடன். ட்ரிட்டியம் குறைவாக வருகிற வேறு ரகம். இந்த முறை எதிர்ப்பாளர்களும் வந்திருந்தார்கள். நீதிமன்றம் கைவிட்டபின், தடை செய்யப்பட்ட பகுதிக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டார்கள். மேலே ஆள் இருக்கும்போது கீழே குண்டு வெடிக்கமாட்டார்கள் என்பது அவர்கள் கணக்கு. அணுசக்தி ஆணையத்தின் கணக்கு வேறு. பொத்தானை அமுக்கினார்கள், தரையில் கிடந்தவர்களைப் பூமி தூக்கிப் போட்டது. சத்தியாக்கிரக வரலாற்றில் இப்படியொரு பதில் எந்த அரசும் தந்ததில்லை. வந்த எரிவாயு 45.5 கோடி கன அடி. அதையும் கொளுத்தினார்கள்.

1973 மே 17, கொலராடோவிலேயே ரியோ பிளாங்கோ. ஒரு குண்டு போதவில்லையா, மூன்று! ஒரே துளையில் ஒன்றன்மேல் ஒன்றாக, தலைக்கு 33 கிலோடன், ஒரே நேரத்தில் வெடிப்பு. மூன்று குகைகளும் ஒன்றோடொன்று இணைந்து நெடுந்தூணாக நிற்கும் என்று வரைபடம் சொன்னது. பாறை வரைபடத்தைப் படிக்கவில்லை. மேல்குகைக்கும் கீழ்க்குகைக்கும் தொடர்பே ஏற்படவில்லை.

கனமூலம் என்றேனே, அதை இப்போது போட்டுப் பாருங்கள். ராபர்ட்ஸின் இருபது பவுண்டு மருந்தோடு ஒப்பிட்டால் கேஸ்பக்கி தோராயமாக முப்பது லட்சம் மடங்கு. கனமூலம் எடுத்தால் 150 மடங்குக்கும் கீழே. அதுவும் காகிதத்தில். ஆயிரம் இரண்டாயிரம் மீட்டர் ஆழத்தில் மேலே கிடக்கும் பாறையின் பாரமே குகையை விரியவிடாமல் அமுக்கும். ஆழம் கூடக் கூட அதே குண்டு சின்னக் குகையைத்தான் தரும். இத்தனைக்கும் ஒரு வயலை முழுதாகப் பயன்படுத்த நூற்றுக்கணக்கில் குண்டு வேண்டும் என்று திட்டம் போட்டிருந்தார்கள். கொலராடோ மக்கள் 1974 நவம்பரில் ஓட்டுப் போட்டு மாநில அரசியல் சாசனத்தையே திருத்திவிட்டார்கள்: மக்கள் ஓட்டளித்துச் சம்மதிக்காமல் இங்கே அணுகுண்டு வெடிக்கக் கூடாது. வயோமிங்கில் 100 கிலோடன் குண்டு ஐந்தை வரிசையாக வெடிக்கவிருந்த வேகன் வீல் திட்டத்தை அந்த ஊர்க்காரர்கள் 1972லேயே மாதிரி வாக்கெடுப்பு நடத்தி விரட்டியிருந்தார்கள். பிளவ்ஷேர் 1977இல் முறைப்படி இறந்தது.

அமெரிக்கர்களை மட்டும் கேலி செய்வது தர்மமல்ல. சோவியத் யூனியன் இந்தச் சமாதான வெடிகளை நூற்றுக்கு மேல் போட்டது. அதில் ஒன்று உண்மையிலேயே பிரமாதம். உஸ்பெகிஸ்தானில் உர்டாபுலாக் என்ற இடத்தில் ஓர் எரிவாயுக் கிணறு தீப்பிடித்து ஏறத்தாழ மூன்று வருடம் எரிந்தது. 1966 செப்டம்பர் 30 அன்று பக்கத்தில் சாய்வாகத் துளையிட்டு, ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில் 30 கிலோடன் குண்டை வெடித்தார்கள். பாறை நகர்ந்து கிணற்றின் கழுத்தை நெரித்தது, தீ அணைந்தது. யோசித்துப் பாருங்கள். வாயுவைத் திறக்க வைத்த குண்டுகள் சொதப்பின, மூட வைத்த குண்டு முதல் அடியிலேயே ஜெயித்தது. அணுகுண்டின் இயல்பான திறமை மூடுவதில்தான் என்று பாறை 1966லேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்துவிட்டது.

நம் வீட்டுக் கதையும் ஒன்று உண்டு. அமெரிக்கா இந்த ஆசையைக் குப்பையில் போட்ட வேளையில், 1974 மே 18 அன்று, பொக்ரானில் 107 மீட்டர் ஆழத்தில் இந்தியா வெடித்ததற்கும் அரசு வைத்த பெயர் சமாதான அணு வெடிப்பு. பாறை எப்படி ஆவியாகும், எப்படிச் சிதறும் என்ற கணக்குகளில் முன்னால் நின்றவர் சென்னையில் பிறந்த விஞ்ஞானி ஆர். சிதம்பரம். சக விஞ்ஞானி ராஜா ராமண்ணாவும் அவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை 1975இல் வியன்னாவில் வாசிக்கப்பட்டது. பொருள், பாறை இயந்திரவியல். உலகத்துக்குக் கேட்டது வேறு.

இந்தக் கூத்தில் எனக்குத் தாங்காத பகுதி இனிமேல்தான். கேஸ்பக்கிக்கு இருபது வருடம் முன்பே விடை வந்துவிட்டது. 1947இல் கான்சாஸின் ஹ்யூகோட்டன் வயலில் ஸ்டனோலிண்ட் என்ற எண்ணெய்க் கம்பெனி, கிணற்றுக்குள் திரவத்தை அழுத்திப் பாறையைப் பிளந்து பார்த்தது. திரவம் எது என்கிறீர்கள்? நேபாமால் கெட்டியாக்கிய பெட்ரோல், ஆயிரம் காலன். போரில் மிஞ்சிய சரக்கை வீணாக்க அந்த நாட்டுக்கு மனசு வராது. முதல் முயற்சி சுமார்தான். 1949 மார்ச்சில் ஹாலிபர்ட்டன் கம்பெனி அதைத் தொழிலாகவே தொடங்கிவிட்டது. நேபாம் போய்த் தண்ணீர் வந்தது, தண்ணீரோடு மணலும் கிணற்றுக்குள் இறங்கியது.

வெடி ஒரு கணத்தில் செய்யப் பார்த்ததைத் தண்ணீர் மணிக்கணக்கில் செய்கிறது. அழுத்தத்தை மெல்ல ஏற்றி, பாறையை இறுக்கிப் பிடித்திருக்கும் அழுத்தங்களில் எது பலவீனமோ அதைத் தாண்டினால் போதும். பாறை மாவாகாது, ஒரே விரிசல், ஆனால் நூறு மீட்டருக்கும் அப்பால் நீள்கிறது. அழுத்தத்தை எடுத்ததும் விரிசல் மூடப் பார்க்கும். உள்ளே போன மணல் விடாது. குண்டு வைத்தவர்கள் கோட்டைவிட்டது இந்த மணலில்தான். உடைப்பது பெரிய காரியமல்ல, உடைந்ததைத் திறந்து வைத்திருப்பதுதான் காரியம். தண்ணீர் முறைக்கும் நிலத்தடி நீர், நிலநடுக்கம் என்று ஏகப்பட்ட வழக்குகள் இருக்கின்றன. அது வேறு புராணம்.

வேகன் வீல் திட்டத்தை விரட்டியடித்த வயோமிங்கின் பைன்டேல் பகுதி பின்னாளில் அமெரிக்காவின் பெரிய எரிவாயு வயல்களில் ஒன்றானது, ஒரு குண்டும் இல்லாமல். ருலிசனைச் சுற்றிலும்கூட இன்று தண்ணீரால் பிளந்த கிணறுகள் எரிவாயு தருகின்றன. குண்டு வெடித்த இடத்துக்கு நேர் மேலே மட்டும் அரசு ஒரு பலகை வைத்திருக்கிறது: 6,000 அடிக்குக் கீழே அனுமதியில்லாமல் தோண்டக் கூடாது. அந்தப் பக்கம் போகிறவர்கள் படம் எடுத்துக்கொள்ளலாம். கடப்பாரையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.